எண்பத்தெட்டு குதிரை

கருமலை ட்ராக்கில் ஒரு வழக்கம் உண்டு. பந்தயத்துக்கு முன்னால் பரிசோதகர் ஓட்டுநரின் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் காரின் எஞ்சின் மூடிமேல் வலது கையை வைத்து அதே எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் இருக்கையில் உட்கார அனுமதி. விதிப்புத்தகத்தில் இது எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் எழுதப்பட்ட விதிகளை மீறுகிறவர்கள்கூட இதை மீறியதில்லை.

கோயம்புத்தூரில் பெட்ரோல் வண்டிகள் தெருவை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. பெட்ரோல் வாசனை வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை கருமலைக்குத்தான் வரவேண்டும். வருகிறவர்கள் பெரிய வீரர்கள் ஒன்றும் இல்லை. பம்பு செட் கம்பெனிக்காரர், நூல் வியாபாரி, பள்ளிக்கூட வாத்தியார், பஸ் டிரைவர். வாரம் முழுக்க அடங்கிக் கிடந்துவிட்டு ஒரு நாள் பறக்கிற ஆசை, அவ்வளவுதான்.

பிருந்தாவுக்கு ஓட்டுகிற ஆசை இல்லை. மோட்டார் கம்பெனியில் இன்ஜினியர். பதினோரு வருஷமாகச் சம்பளமில்லாமல் இந்தக் கிளப்பின் தலைமைப் பரிசோதகராக இருந்தாள். அவளுக்கிருந்த ஆசையெல்லாம் நியாயத்தின் மேல்தான். எஞ்சினில் அரைக் குதிரைத்திறன் கூடுதலாக இருந்தாலும் வெளியே அனுப்பிவிடுவாள், அது கிளப் தலைவரின் மருமகன் வண்டியாக இருந்தாலும் சரி. ஒரு தடவை அப்படியே அனுப்பியும் இருக்கிறாள்.

அந்தச் சித்திரை மாத ஞாயிறு காலை பத்து மணிக்கே பரிசோதனைக் கொட்டகையின் தகரக் கூரை பொரிந்துகொண்டிருந்தது. சுவரில் இருந்த வெப்பமானி நாற்பத்தொன்று காட்டியது. புதிதாகச் சேர்ந்திருந்த நிவேதிதா என்ற பல் டாக்டர், மேசைமேல் கிடந்த கறுப்புக் கையுறையைச் சந்தேகத்தோடு பார்த்தாள்.

"இதுக்குள்ள கையை வச்சா எத்தனை குதிரைன்னு சொல்லிடுமா மேடம்?"

"மூணு நிமிஷம் வச்சிருக்கணும். விளக்கு எரியும், விரலை அழுத்தணும். நரம்பு எவ்வளவு சீக்கிரம் சேதி சொல்லுதுன்னு அளந்துக்கும். இன்னைக்கு உங்க உடம்பு எத்தனை குதிரையைக் கட்டி மேய்க்குமோ, அத்தனைதான் உங்க எஞ்சினுக்கு. வண்டியில ஒரு பெட்டி இருக்கு, அதுல அந்த எண்ணை ஏத்தி நான் முத்திரை வச்சிடுவேன். அதுக்கு மேல எஞ்சின் ஒரு குதிரைகூடக் குடுக்காது."

"எனக்கு முந்நூறு வந்துட்டா?"

"நூத்திருபதுக்கு மேல யாருக்கும் கிடையாது. இங்க வர்ற சின்ன வயசுக்காரங்க எல்லாருமே நூத்திருபதுதான்."

நிவேதிதா பக்கத்தில் நின்ற அளவு எந்திரத்தைக் காட்டினாள். காரை உருளைகள் மேல் ஏற்றிச் சக்கரத்தைச் சுழலவிட்டு எஞ்சினின் திறனை அளக்கும் எந்திரம் அது.

"வெயில்ல எஞ்சின் மந்தமாயிடும்ங்கறாங்களே. காலைல அளக்கறவனுக்கும் மத்தியானம் அளக்கறவனுக்கும் வித்தியாசம் வராதா?"

பிருந்தாவின் முகம் மலர்ந்துவிட்டது. தன் பிள்ளையைப் பற்றி யாரோ விசாரித்ததுபோல் உற்சாகமாகச் சொன்னாள்.

"வரும். வெயில்ல காத்து லேசாயிடும், எஞ்சினுக்கு மூச்சு பத்தாது. அதனால வெயிலுக்குத் தகுந்த மாதிரி கம்ப்யூட்டரே ஒரு திருத்தம் சேர்த்துப் போட்டுக்கும். இந்தத் திருத்தத்துக்காக நான் மூணு வருஷம் கமிட்டியோட மல்லுக்கட்டினேன். இப்ப யாரும் அதை ஆஃப் பண்ண முடியாது. பூட்டி என் முத்திரையை வச்சிருக்கேன்."

அப்போது பூபதி உள்ளே வந்தார். நாற்பத்தாறு வயது, டவுன் பஸ் டிரைவர். இந்தப் பந்தய வகுப்பில் ஒன்பது வருஷமாக அவரை முந்தியவன் இல்லை. கையுறையில் கையை விட்டார். மூன்று நிமிஷம் கழித்துத் திரையில் எண் வந்தது.

"நூற்றி நான்கு" என்றாள் பிருந்தா, உரக்க.

பூபதி காருக்குப் போகத் திரும்பினார். பின்னால் நின்றிருந்த ராயப்பன் நகரவில்லை. பூபதியின் எஞ்சினை டியூன் செய்கிறவர் அவர். கணபதி பகுதியில் சின்னப் பட்டறை. அதிகம் பேசாத மனிதர், காதால் எஞ்சினைப் பார்ப்பவர் என்று ட்ராக்கில் பெயர்.

"அக்கா, அண்ணனுக்கு இன்னைக்கு ஒரு பதினஞ்சு குதிரை கொறச்சுக் குடுங்க."

கொட்டகையில் சிரிப்பு வெடித்தது. டியூனர் என்று ஒருவன் பிறந்ததே குதிரையைக் கூட்டத்தானே! கால் குதிரைக்குக் காலைப் பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறார்கள். குறைக்கச் சொல்லி ஒருவன் வந்து நிற்பதை யாரும் பார்த்ததில்லை.

"என்ன ராயப்பா, வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா?" என்றார் யாரோ.

"சிரிக்காதீங்க. மூணாவது வளைவுல அண்ணன் ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுக்கறது லேட்டாகுது. போன மாசத்துல இருந்து கேட்டுக்கிட்டு இருக்கறனுங்க. எஞ்சின் சத்தம் அடங்க வேண்டிய எடத்துல அடங்கறதில்லை. ஒரு இமை கொட்டற நேரந்தான். ஆனா லேட்டுங்க."

பூபதிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "ஏன்டா, எனக்கு வயசாயிடுச்சுன்னு ஊரைக் கூட்டிச் சொல்றியா? தை மாசம் நூத்தியொண்ணு இருந்துது. இப்ப நூத்தி நாலு. ஏறியிருக்குது, எறங்கலை. உன்ற காதுக்கு வைத்தியம் பாரு."

ராயப்பன் அவரைப் பார்க்காமல் பிருந்தாவையே பார்த்தார். "உங்களால முடியுமுங்க. ஒரு எண்ணுதான?"

"ராயப்பன், எந்திரம் சொன்னதுதான் எண். உங்களுக்காகக் குறைச்சா, நாளைக்கு இன்னொருத்தனுக்காகக் கூட்டணும். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

அவள் கறாராகத்தான் சொன்னாள். சொன்னதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பூபதி காரின் மூடிமேல் கையை வைத்து, "நூத்தி நாலு" என்று எல்லோருக்கும் கேட்கும்படிச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

ஆறாவது சுற்றில், மூன்றாவது வளைவில், கார் திரும்பவில்லை. நேராகப் போய்ச் சுவரில் மோதியது. பூபதியை வெளியே எடுக்கும்போது உயிர் இல்லை.

மறுநாளே கமிட்டி கூடியது. கிளப் தலைவர் ஜெகதீசன் நூல் மில் வைத்திருப்பவர், பதறாத மனிதர். பிருந்தா எஞ்சினைப் பிரித்துப் பார்த்தாள். முத்திரை உடையவில்லை. பெட்டியில் நூற்றி நான்கு என்றே இருந்தது. பிரேக்கிலும் குற்றமில்லை. அதையே சொன்னாள்.

"அப்புறம் ராயப்பன் ஏன் குறைக்கச் சொன்னான்?" என்று கேட்டார் ஜெகதீசன். "முத்திரையைத் தொடாமலே உள்ளுக்குள்ள என்னமோ பண்ணிக் கூட்டி வச்சிருக்கான். கூட்டினது கைமீறிப் போச்சுன்னு தெரிஞ்சதும் உங்ககிட்ட வந்து குறைங்கன்னு நின்னிருக்கான். இல்லேன்னா எந்த டியூனர்மா குறைக்கச் சொல்லுவான்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். அடடா, ஒரு மனிதன் சொன்ன ஒரே நல்ல வார்த்தையை அவன் கழுத்துக்கே சுருக்காக மாட்டிவிட்டார்கள்! ராயப்பனுக்கு ஆயுள் தடை, அதன்மேல் போலீஸ் புகார் என்று முடிவானது. பிருந்தா செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான். வியாழக்கிழமைக்குள் அறிக்கையில் 'விபத்துக்கான காரணம்' என்ற கட்டத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ராயப்பன் அப்படிச் செய்திருப்பார் என்று அவளால் நம்ப முடியவில்லை. செய்யவில்லை என்று காட்டவும் அவளிடம் ஒன்றும் இல்லை. நொறுங்கிய எஞ்சினை இனி ஓட்டி அளக்க முடியாது.

புதன்கிழமை துக்கம் விசாரிக்கப் போனாள். பூபதியின் மனைவி சாந்தாமணி அழுது ஓய்ந்து, கணவரின் டிரைவர் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மார்கழியில இந்தப் பட்டனைப் போட முடியாம தடுமாறினாருங்க. டீ டம்ளரு ரெண்டு தடவ கை நழுவிப் போச்சு. எனக்கு அப்பவே பயமுங்க. உங்க எந்திரத்துலயும் நூத்தி ஆறு, நூத்தியொண்ணுன்னு எறங்கிக்கிட்டே வந்துது. பஸ் ஓட்டறதுக்கும் அதே எண்ணுதானுங்க, நூறுக்குக் கீழ போனா பஸ்ஸும் குடுக்க மாட்டாங்க. சரி, நரம்பு டாக்டரைப் பாக்கலாமுன்னு பங்குனியில நாளு குறிச்சுட்டோம்."

"அப்புறம்?"

"அதுக்குள்ள எண்ணு ஏறிடுச்சுங்களே! நூத்தி மூணு. 'பாத்தியா, எல்லாம் சரியாயிடுச்சு, நீதான் சும்மா பயந்தே'ன்னு டாக்டரு சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டாரு. எனக்கும் நிம்மதியாப் போச்சு. பழனிக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்தோமுங்க."

பிருந்தாவுக்கு அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. இறங்கிக்கொண்டிருந்த நரம்பு எப்படி ஏறும்? அதுவும் வெயில் ஏற ஏற?

நேராகக் கருமலைக்குப் போய்க் கொட்டகையைத் திறந்தாள். கையுறையின் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் தேடி எடுத்தாள். வழக்கமாக யாரும் பார்க்காத பக்கம் அது. இரண்டு வரிசை எண்கள் இருந்தன. ஒன்று கையுறை அளந்தது, மற்றது திரையில் காட்டியது. பூபதியின் பெயருக்கு நேரே படித்தாள். தை மாதம்: அளந்தது நூறு, காட்டியது நூற்றியொன்று. பங்குனி: அளந்தது தொண்ணூற்று நான்கு, காட்டியது நூற்றி மூன்று. சித்திரை: அளந்தது எண்பத்தெட்டு, காட்டியது நூற்றி நான்கு.

மூன்று வரிகளையும் மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

வெயில் திருத்தம்! எஞ்சினுக்கு வைத்த திருத்தம். போன வருஷம் மழைக்காலத்தில் இந்தக் கையுறை வந்தபோது, அளவு எந்திரத்தின் கம்ப்யூட்டரிலேயே அதையும் இணைத்தார்கள். 'பழைய அமைப்புகள் அப்படியே இருக்கட்டுமா?' என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தியது அவள்தான். ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. பதினோரு வருஷம் எஞ்சினோடு பழகியவளுக்கு, வெயிலுக்குத் திருத்தம் போடுவது என்றால் அது நியாயம், அவ்வளவுதான் தெரியும். வெயிலில் மூச்சு வாங்கும் எஞ்சினுக்கு நாலைந்து குதிரை சேர்த்துக் கணக்கிட்டால் நியாயம். அதே திருத்தம் கையுறையின் கணக்கில் மூன்று மடங்காகப் பெருகி, தளர்ந்துகொண்டிருந்த மனிதனுக்கு அவனிடம் இல்லாத வேகத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறது. நூற்றிருபதைத் தொட்டுவிடுகிற இளசுகளுக்கு இதனால் ஒன்றும் ஆகவில்லை. அந்த வகுப்பில் அதற்குக் கீழே இருந்தவர் பூபதி ஒருவர்தான்.

நூற்றி நான்கிலிருந்து பதினைந்தைக் கழித்தால் எண்பத்தொன்பது. ராயப்பனின் காது ஒரே ஒரு குதிரைதான் தவறியிருந்தது.

கொட்டகையின் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

வியாழக்கிழமை பிற்பகல் அவிநாசி ரோட்டில் இருந்த ஜெகதீசனின் அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்தக் கையுறையில பந்தயக்காரங்க மட்டும் கை வைக்கறதில்லைம்மா. உங்களுக்கே தெரியும். வாரநாள்ல பஸ் டிரைவருங்க வர்றாங்க, கிரேன் ஓட்டறவங்க வர்றாங்க. ஊருக்கே அது ஒண்ணுதான். இப்பவெல்லாம் பொண்ணு பாக்க வர்றவங்ககூட மாப்பிள்ளைக்கு எத்தனை குதிரைன்னு கேக்கறாங்க. இந்த வெயில் காலத்துல மட்டும் நானூறு பேருக்குச் சான்று குடுத்திருக்கோம்."

"அதனாலதான் சார் சொல்றேன்."

"சொன்னா என்னாகும்? பாதிப்பேர் நூறுக்குக் கீழ போவான். அத்தனை பேருக்கும் வேலை போயிடும். அவனவன் வீட்டுல அடுப்பு எரிய வேண்டாமா? திருத்தத்தைச் சத்தமில்லாம எடுத்துடுங்க. ஆறு மாசத்துல எல்லாரும் மறுபடி கை வைக்க வருவாங்க, அப்ப தானா சரியாயிடும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நம்புவோம்."

"ராயப்பன்?"

ஜெகதீசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ராயப்பனை விட்டுடலாம். ஓட்டுநர் தவறுன்னு ரெண்டு வார்த்தை எழுதுங்க. பூபதி போய்ச் சேர்ந்துட்டார். அவருக்கு இனிமே என்ன வந்துது?"

பிருந்தா அறிக்கையைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவர் கெட்டவர் இல்லை என்பதுதான் அவளை வதைத்தது. நானூறு அடுப்புகளை அவளால் அணைக்க முடியுமா? ராயப்பன் தப்பித்துவிடுவார். இரண்டு வார்த்தை எழுதினால் போதும். அவள் செய்த தவறு அவளுக்கும் ஜெகதீசனுக்கும் மட்டும் தெரிந்ததாகிவிடும். ஐயோ, அந்த எண்ணம் எவ்வளவு சுகமாக இருந்தது! இருந்ததை அவளே கண்டு கூசினாள்.

உக்கடம் பஸ் வந்தது. ஏறினாள். ஊரில் எல்லோரும் செய்வதுபோல, ஏறும்போதே டிரைவர் தலைக்குமேல் எரியும் பலகையைப் பார்த்தாள். 'ஈஸ்வரமூர்த்தி - 103'. முன்னால் ஏறிய அம்மா ஒருத்தி எண்ணைப் பார்த்துவிட்டுத் திருப்தியாக உட்கார்ந்தாள். நூறைத் தாண்டினால் ஜனங்களுக்குப் போதும்.

பிருந்தாவுக்கு டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கை கிடைத்தது. கேட்கக் கூடாது என்று நினைத்தாள். இரண்டு நிறுத்தம் வரை கேட்கவும் இல்லை. மூன்றாவது நிறுத்தத்தில் வண்டி நின்றபோது வாய் தானாகக் கேட்டது.

"அண்ணா, நீங்க எந்த மாசம் கை வச்சீங்க?"

"சித்திரை பொறந்ததுமேங்க. அப்பப்பா, என்னா வெயிலு! அந்தத் தகரக் கொட்டாய்ல நாப்பத்தொண்ணு டிகிரின்னு போட்டிருந்துது." கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தார். ஐம்பது வயது இருக்கும். "எங்க பூபதிதானுங்க கூட்டிட்டுப் போனாப்ல. நான் பயந்துக்கிட்டே இருந்தேன், தேறாதுன்னு. தேறிடுச்சு. அப்புறம் அந்தப் புண்ணியவானே போயிட்டாப்ல."

நாற்பத்தொன்று டிகிரி. அதே வெயில், அதே திருத்தம். வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தபோதே மனம் கணக்கைப் போட்டு முடித்துவிட்டது. வண்டியில் அறுபது பேர் இருந்தார்கள். பள்ளிவிட்டு ஏறிய பிள்ளைகள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, வண்டியை எடுக்காதீங்க."

"ஏனுங்க? எறங்கோணுங்களா?"

அவள் எழுந்து அவர் அருகில் போய் நின்றாள். குரல் கொட்டகையில் வருவதுபோலத்தான் வந்தது, உரக்க.

"எண்பத்தேழு."

"என்னதுங்க?"

"உங்க எண். பலகையில இருக்கறது தப்பு. அந்தக் கொட்டகையில பரிசோதகர் நான்தான். வெயிலுக்குன்னு எஞ்சினுக்குப் போட வேண்டிய கணக்கை மனுஷனுக்குப் போட்டுட்டேன். உங்க உண்மையான எண் எண்பத்தேழு."

ஈஸ்வரமூர்த்தி அவளையே பார்த்தார். ஸ்டீயரிங்மேல் இருந்த வலது கை அசையவில்லை.

"எண்பத்தேழு" என்று திருப்பிச் சொன்னார், வழக்கம் எதுவும் தெரியாமலே. பிறகு மெதுவாக, "பெரிய பொண்ணுக்குக் கல்யாணம் பேசி வச்சிருக்கறனுங்க" என்றார்.

"தப்பு என்னோடதுங்கண்ணா. மன்னிச்சுக்கங்க."

பின்னாலிருந்து குரல்கள் எழுந்தன. வண்டி ஏன் நிற்கிறது, நேரமாகிறது, யார் நிறுத்தச் சொன்னது?

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றாள் பிருந்தா, திரும்பி எல்லோரையும் பார்த்து.

பையிலிருந்து அறிக்கையை எடுத்தாள். இருக்கைக் கம்பிமேல் வைத்து, 'விபத்துக்கான காரணம்' என்ற கட்டத்தில் தன் பெயரையும் பதவியையும் எழுதினாள். கீழே, இந்தக் கோடையில் கொடுத்த நானூறு சான்றுகளும் செல்லாது என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணலாக விழுந்தது.

ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். ஈஸ்வரமூர்த்தி தலைக்குமேல் கையை நீட்டிப் பலகையின் விளக்கை அணைத்தார். இருக்கையை விட்டு மட்டும் எழவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"அன்னைக்கு நம்ம பூபதிக்கு உண்மையில எத்தனைங்க?"

"எண்பத்தெட்டு."

ஈஸ்வரமூர்த்தி ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.